பகல் தூக்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

அந்த வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அறையில் பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. அவர் பாதியில் கட்டில், அவள் பாதியில் மேசை. காலை எட்டு மணிக்கு அவர் படுக்கையில் சாயும்போது அவள் நாற்காலியில் உட்காருவாள். இரவெல்லாம் நெடுந்தூரப் பேருந்து ஓட்டிவிட்டு வருகிற மனிதர். அவருக்காக ஜன்னலில் கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்து மாட்டியிருந்தாள். ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த அறைக்குள் மட்டும் பொழுது சாய்ந்துவிடும்.

அந்தச் செயற்கைச் சாயங்காலத்தில் அவளுடைய மூன்று மானிட்டர்கள் மட்டும் ஒளிரும். வரைபடம் திருத்துவது அவள் தொழில். இடது மானிட்டரில் வானத்திலிருந்து எடுத்த படம், நடுவில் கோடுகளாலான வரைபடம், வலதில் தெருக்களின் பெயர்ப் பட்டியல். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் நேராக ஓடும் தெரு, படத்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். அதை வளைத்துவிட வேண்டும். இடிந்த பாலத்தை அழிக்க வேண்டும். புதிதாய் முளைத்த சந்துக்குக் கோடு போட வேண்டும். முதலில் ஆறு வருடம் ஓர் அலுவலகத்தில் நாற்பது பேரோடு உட்கார்ந்து செய்தாள், இந்த ஐந்து வருடமாக வீட்டிலிருந்து செய்கிறாள். திருத்திய ஊரைத் தினமும் மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. ஆனால் எத்தனையோ ஊர்களின் மொட்டைமாடிகளில் காயும் துணி என்ன நிறம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஊர்களில் எப்போதும் ஒரே நேரம்தான். படம் எடுத்தது காலை பதினொரு மணி என்றால் அங்கே என்றைக்கும் பதினொரு மணி. நிழல் நகராது. தெருவைக் கடக்கப் போன ஆள் கடந்து முடிக்கவே மாட்டான். முதுகுக்குப் பின்னால் கணவர் மூச்சு விடும் சத்தத்தில், அவள் அந்த நகராத வெயிலில் தெருத்தெருவாய்ப் போய்வருவாள். சில நாள் அவர் தூங்குகிறாரா, தான் தூங்குகிறாளா என்பதே அவளுக்குக் குழம்பிவிடும்.

"மேலேர்ந்தே எல்லாத்தையும் பாக்குற ஆளு நீ" என்று அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார் அவர். அவருக்கு டிப்போவில் வேறு பெயர். மெத்தை. அவர் பேருந்தில் ஏறினால் குலுக்கல் தெரியாது, நாற்பது பேரும் கடைசி நிறுத்தம் வரை வாய் பிளந்து தூங்குவார்கள் என்பதால் வந்த பெயர். ஊரையே தூங்கவைக்கும் அந்த மெத்தைக்குத்தான் இப்போது தூக்கம் இல்லை.

குற்றவாளி அவள் மேசைக்கு அடியில் இருந்தது. ஆறு வருடப் பழைய கம்ப்யூட்டர். சும்மா இருக்கும்போது பூனைபோல் உறுமும். பெரிய ஊர் ஒன்றைத் திறந்தால் மாவு மில்லாகிவிடும். அவரோ ஒரு மணி நேரம் தூங்குவார், புரள்வார், எழுந்து தண்ணீர் குடிப்பார், மறுபடி படுப்பார். தூக்கத்தில் இடது கால் போர்வைக்குள் முன்னே நீண்டு, ஒரு கணம் அழுத்தி, மெல்லப் பின்வாங்கும். கிளட்ச் மிதிக்கிறாராம். "இன்னைக்கு எத்தனை கியர் மாத்தினீங்க?" என்று சாயங்காலம் அவள் கேலி செய்வாள். பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவர் தூக்கத்திலும் ஓட்டுவார் என்பதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை.

சிரிப்பு நின்றது போன மாதம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"நேத்து ரெண்டு நிமிஷம் ரோடு எங்க போச்சுன்னே தெரியல."

"அப்படின்னா?"

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா பாத்தது நான் இல்ல. கண்டக்டர் வந்து தோளைத் தட்டினான்."

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்டக்டர் அதை டிப்போ மேலாளரிடம் சொல்லிவிட்டார். சொன்னதும் நியாயம்தான். மேலாளர் திட்டவில்லை, ஒரு வழி சொன்னார். டிப்போ மாடியில் ஓய்வுக் கூடம் இருக்கிறது. ஒண்ணாந்தேதியிலிருந்து ஒரு கட்டில் ஒதுக்குகிறேன், பகலில் அங்கேயே தூங்கு, வாரம் ஒருநாள் விடுப்பில் வீட்டுக்குப் போ.

"அதுவும் நல்லதுதான். உன் வேலையும் கெடாது" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி.

காலையில் அவர் வந்ததும் சேர்ந்து சாப்பிடும் அரை மணி, சாயங்காலம் அவர் கிளம்புவதற்கு முன் ஒரு மணி. அவர்கள் கல்யாணமே அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் குடியிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய் டிப்போ மாடியில் வைத்துவிட்டால் மிச்சம் என்ன? மேசையைச் சமையலறைக்கு மாற்றலாமா என்று பார்த்தாள். அடுப்பு மேல் ஒரு மானிட்டர், சிங்க் மேல் ஒரு மானிட்டர் என்றால்தான் முடியும். ஒண்ணாந்தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் சத்தமில்லாத கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்துவிடுவது என்று கிளம்பினாள்.

பெரிய கடைவீதியில் இரண்டு மாடிக் கடை. உள்ளே நுழைந்தால் இருபது டிவி ஒரே நேரத்தில் பாடிக்கொண்டிருந்தன. மீசைக்குச் சாயம் பூசிய விற்பனையாளர் ஒருவர், சோப்பு டப்பா அளவுக்குச் சின்னதாக ஒரு பெட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"சத்தம் வருமாங்க?"

"ஓடுதா நிக்குதான்னு தொட்டுப் பாத்தாதான் மேடம் தெரியும்." இதை அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்க நான் பேசுறதே எனக்குக் கேக்கல. அமைதியா ஒரு எடம் இருக்கா?"

அவருடைய இத்தனை வருடச் சேவையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரக்கு வைக்கும் பின்னறைக்குக் கூட்டிப் போனார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு ஸ்டூலின் மேல் அதை வைத்து ஓடவிட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு காதை அதன் மேலேயே வைத்தாள். நல்ல வெயிலில் ஒரு வீட்டுச் சுவரில் காது வைத்ததுபோல் இருந்தது. வெதுவெதுப்பு மட்டும்.

"நான் மூச்சு விடலாமா மேடம்?" என்றார் விற்பனையாளர் கிசுகிசுப்பாக.

"மெதுவா விடுங்க." பிறகு தலையைத் தூக்கி, "இதுல மூணு மானிட்டர் மாட்டலாமா?" என்றாள்.

"ரெண்டு தாராளமா மாட்டலாம்."

"மூணு கேட்டேன்."

"நமக்கு ரெண்டு கண்ணுதானே மேடம்."

"அந்த ரெண்டை வெச்சுத்தாங்க மூணையும் பாக்கணும்."

அவர் தேடிப்பிடித்து ஓர் அடாப்டர் கொண்டுவந்தார். மூன்றாவதும் எரிந்தது. வாங்கிவிட்டாள். ஆழம் பார்க்காமல் காலை விட்டோம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அந்தப் பின்னறையில் பெட்டி எந்த வேலையும் செய்யவில்லை. உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு மூச்சு வாங்குமா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த அறை அவள் அதுவரை கேட்டிராத ஒன்றாக இருந்தது. குழாய் சொட்டுவது கேட்டது. கடிகாரம் நடப்பது கேட்டது. அவர் மூச்சு கரையில் வந்து திரும்பும் தண்ணீர்போல் வந்து வந்து போனது. சின்னச் சின்ன ஊர்களாகத் திருத்தினாள். சுட்டியைத் தட்டும் சத்தம்கூட அதிகமென்று பட்டது. ஒன்பதேகால் வரை எல்லாம் அப்படியே மிதந்தது.

ஒன்பதேகாலுக்கு ஒரு துறைமுக நகரத்தைத் திறந்தாள்.

இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தச் சோப்பு டப்பாவுக்குள் ஒரு கொசு பிறந்தது. அது வளர்ந்து, வீச்சென்று ஏறி, பல் டாக்டரின் துரப்பணம்போல் சுதி பிடித்தது. கட்டிலில் போர்வை துள்ளியது. இடது கால் விடுக்கென்று நீள, அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால், இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன.

"எந்த எடம் இது?"

"வீடுதாங்க. வீட்டுலதான் இருக்கீங்க."

அவர் அவளைப் பார்த்தார், மானிட்டர்களைப் பார்த்தார், கைகளை இறக்கினார்.

"சத்தம் மாறுச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்தார். அன்றைக்கு அப்புறம் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் காதில் அந்த ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. அதிகமாச்சு என்று அவர் சொல்லவில்லை, மாறுச்சு என்றார்.

மறுநாள் பழைய கம்ப்யூட்டரையே திரும்ப மாட்டினாள். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டாள். அவர் கால் நீளும்போதெல்லாம் மணியையும், அந்த நேரத்தில் தான் எதைத் திறந்தாள் என்பதையும் குறித்தாள். மதியத்துக்குள் பதினான்கு தடவை. பதினான்கிலும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறியின் குரல் அப்போதுதான் ஏறியிருந்தது, அல்லது இறங்கியிருந்தது. நடுவில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரு மணி நேரம் தடதடவென்று ஓடியது. அந்த ஒரு மணி நேரமும் அவர் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பத்தொன்பது வருடம் எஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்த காது அது. அந்தக் காதுக்கு இரைச்சல் தொட்டில். குரல் மாறினால்தான் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் விழித்துக்கொள்ளும். எஞ்சின் ஏறினால் கியர் மாற்று, இறங்கினால் கவனி. இத்தனை நாள் அவள் மேசையில் உட்கார்ந்தபடி அவரை மேடு பள்ளமான ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தமில்லாத கம்ப்யூட்டர் போதாது. என்ன வேலை கொடுத்தாலும் குரல் மாறாத கம்ப்யூட்டர் வேண்டும். அப்படி ஒன்றைக் கடையில் கேட்டால் மீசைக்காரர் மயங்கிவிடுவார். கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவரிடம் கேட்பதற்குப் பேசாமல் டிப்போ மாடியே மேல் என்றும் தோன்றியது. ஏனென்றால் அது அவள் நாத்தனார்.

கணவருடைய அக்கா நாலு நிறுத்தம் தள்ளி, ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில், உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறாள். கையில் ஸ்க்ரூ டிரைவரும் வாயில் அதைவிடக் கூர்மையான ஒன்றும் எப்போதும் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், "என் தம்பி கண்ணு செவந்து கெடக்குறான், நீ பொட்டி தட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் படி ஏறுவதை இவள் விட்டிருந்தாள்.

"வா வா" என்றாள் நாத்தனார், வாசலில் நின்றவளைப் பார்த்து. "மேப்புக்காரிக்கு நாலு ஸ்டாப் தாண்ட ரெண்டு வருஷம் ஆச்சாக்கும்."

"அண்ணி, திட்டுறதை மொத்தமா திட்டி முடிச்சிடுங்க. அப்புறம் எனக்கு ஒரு பொட்டி வேணும்."

"அதான் கடையில வாங்கிட்டியாமே. தம்பி ஃபோன்ல சொன்னான். சின்னதா அழகா இருக்குக்கா, ஆனா பேய் புடிச்ச மாதிரி கத்துதுன்னான்."

இவள் தாளை நீட்டினாள். நாத்தனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தாள். பதினான்கு வரியையும் வாசித்தாள். மறுபடி மேலிருந்து வாசித்தாள்.

"பூரா நேரமும் அவன் காலையே பாத்துக்கிட்டா உக்காந்திருந்தே?"

"வேலையும் பாத்தேன்."

நாத்தனார் தாளை மடித்து மேசை மேல் வைத்தாள். "நான் அன்னைக்குச் சொன்னதை மனசுல வெச்சிருக்கியா?"

"எங்க வெச்சேன்னு தெரியல அண்ணி. தேடினா கெடைக்கும்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள், உட்கார் என்பதுபோல.

"கேட்டுக்கோ. சின்ன ஃபேன் தலைதெறிக்கச் சுத்தினாத்தான் காத்து வரும். அதான் கத்துது. பெரிசு சோம்பேறியாச் சுத்தினாலே போதும். மூணு பெரிசு போடுறேன். மூணும் ஒரே வேகம். சூடானாலும் ஏறாது, ஆறினாலும் எறங்காது. அப்படிக் கட்டிப்போட்டுருவேன்."

"சூடு தாங்குமா?"

"அதுக்குத்தான் பெரிய பொட்டி. பீரோ மாதிரி இருக்கும். அழகெல்லாம் கேக்காதே. சுத்துற ஹார்டு டிஸ்க் வேணாம், அது கொரகொரங்கும். மானிட்டருக்கு, ஃபேனே இல்லாத கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு இருக்கு. நாலு மானிட்டர் மாட்டலாம். நீ கேம் ஆடப்போறதில்லையே?"

"ஊரு பாக்கத்தான்."

"அப்ப அது போதும். அந்தச் சோப்பு டப்பாவை என்கிட்ட குடு. யாராவது மாட்டுவாங்க."

இரண்டு நாளில் பெட்டி தயாராகி நின்றது. கறுப்பாக, முழங்கால் உயரத்துக்கு, ஒரு முகமும் இல்லாமல். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இவள் கையோடு கொண்டுவந்த துறைமுக நகரத்தை அதில் திறந்தார்கள். தூரத்தில் எங்கோ ஒரு பேருந்து சமவெளியில் போய்க்கொண்டே இருப்பதுபோல் ஒரு முனகல். கப்பல்கள், கிடங்குகள், ஆயிரக்கணக்கான கூரைகள் எல்லாம் வந்து நின்றும் அந்த முனகல் இம்மியும் அசையவில்லை. இவளுக்கு அந்த ஸ்டூலிலேயே கண் சொருகியது. அப்படியே படத்தை நகர்த்தினாள். நகர்த்தியதும் விழித்துக்கொண்டாள்.

"அண்ணி, விசில் அடிக்குது."

"எது?"

"படத்தை நகத்தும்போது மட்டும். மெல்லிசா, ஊசி மாதிரி."

"ஒண்ணும் அடிக்கல. உன் காதுக்குள்ள அடிக்குது."

"நகத்திப் பாருங்க."

"நகத்தினேன். ஒண்ணுமில்ல. அம்பது வயசு காதுன்னு நெனச்சியா?"

இவள் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "நீங்க நகத்துங்க. கேக்கும்போது கையைத் தூக்குறேன்."

நாத்தனார் நகர்த்தினாள். கை உயர்ந்தது. நிறுத்தினாள். கை இறங்கியது. ஏமாற்றுவதற்காகச் சுட்டியைச் சும்மா தட்டினாள். கை அசையவில்லை. நகர்த்தினாள். கை உயர்ந்தது. இப்படிப் பத்துத் தடவை. கடைசியில் நாத்தனார் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"பவர் சப்ளைதான் அடிக்குது. வேற போடுறேன். எம்மா, நாய்க்குக்கூட இவ்வளவு காது கெடையாது."

வேறு போட்டதும் இவள் கை தூக்கவே இல்லை.

மறுநாள் காலை நாத்தனாரே பெட்டியோடு வண்டியில் வந்து இறங்கி, தம்பி குளித்துக்கொண்டிருக்கும்போதே மாட்டி முடித்தாள். அவர் படுத்த பிறகும் கிளம்பவில்லை. ஒரு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கறுப்புத் துணிக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் கோடு போட்டிருந்தது. சின்ன ஊர் ஒன்று போனது. பெரிய ஊர் ஒன்று போனது. துறைமுகம் வந்தது. இருவரும் திரும்பிப் போர்வையைப் பார்த்தார்கள். கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது.

"செத்துக்கித்துப் போயிட்டானா?" என்றாள் நாத்தனார் கிசுகிசுப்பாக.

"மூச்சு வருது அண்ணி."

நாத்தனார் குனிந்து அதையும் ஒருதடவை சரிபார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படி முடியும்வரை வெறுங்காலோடு இறங்கிப் போனாள்.

அவர் இரண்டரைக்குத் தானாக எழுந்தார். யாரும் எழுப்பாமல், எதுவும் உதறாமல், தண்ணீரிலிருந்து தலை தூக்குவதுபோல். அடுத்த நாளும் இரண்டரை. அதற்கடுத்த நாளும். முன்பெல்லாம் நாலு மணி வரை புரண்டு புரண்டு தேடிய தூக்கம் இப்போது இரண்டரைக்கே முடிந்துபோனதில், கையில் ஒன்றரை மணி நேரம் உபரியாக நின்றது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குட்டி போட்ட பூனைபோல் சமையலறைக்கும் அறைக்கும் நடந்தார். நாலாம் நாள், டீ டம்ளரோடு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என் ரோடு இதுல இருக்குமா?"

அன்றைய ஊரை அவள் முடித்திருந்தாள். தேடித் திறந்தாள். மூன்று மானிட்டரிலும் படத்தையே விரித்தாள். இடமிருந்து வலமாக அவர் ரோடு ஓடியது. பத்தொன்பது வருடமாக இருட்டில் மட்டுமே பார்த்த ரோடு. அதன் மேல் காலை பதினொரு மணி வெயில்.

அவர் குனிந்து நெருங்கிப் பார்த்தார். பிறகு விரலை வைத்தார். "இங்க ஒரு வாசம் வரும். தினமும் வரும். என்னன்னே தெரியாது."

அவள் நெருங்கிப் போனாள். ரோட்டோரம் வரிசை வரிசையாக வெட்டிய மரங்கள் அடுக்கிக் கிடந்தன. மஞ்சளாய்க் குவியல் குவியலாய் மரத்தூள்.

"மரம் அறுக்குற எடங்க."

"மரமா" என்றார் அவர், மெல்ல. "நான் ஏதோ பூவுன்னு நெனச்சேன்."

விரல் இன்னும் நகர்ந்தது. வளைவு, பாலம், ஒரு சின்ன ஊர், அப்புறம் நேராக ஒரு நீளம். அங்கே நின்றது. அவள் கேட்காமலே புரிந்துகொண்டாள். அன்றைக்குக் கண்டக்டர் தோளைத் தட்டிய இடம். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சையாய்த் தண்ணீர். அந்தப் பக்கமும் தண்ணீர். நடுவில் ஒரு நூல்போல் ரோடு.

"ரெண்டு பக்கமும் ஏரிதானா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"ராத்திரியில ரெண்டு பக்கமும் இருட்டுதான். வயலுன்னு நெனச்சிருந்தேன்."

டம்ளரை மேசையில் வைத்தார். அந்த முனகல் மட்டும் அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"நெசமா சொல்லு. இந்த நாலு நாளும் நான் தூங்குனேனா? இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

"தூங்குனீங்க. ஒரு கியர் கூட மாத்தல."

"எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காகவா? பஸ்ஸுல நாப்பது பேரு இருக்காங்க. பொய் சொல்லுவேனா?"

அவர் தலையாட்டிவிட்டு, தலைமாட்டில் இருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒருநாள் இருந்தது. கதவு திறந்தே இருந்ததால் அவர் பேசியது முழுக்க அவளுக்குக் கேட்டது. "சார், அந்த மாடிக் கட்டிலு… ஆமா சார், எனக்கு ஒதுக்குனது. வேற யாருக்காவது குடுத்துடுங்க." மறுமுனையில் மேலாளர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்ல சார், வீம்புக்குச் சொல்லல. நல்லாத் தூக்கம் வருது. வீட்டுலதான் வருது."

திரும்பி வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் ரோட்டை மெதுவாக நகர்த்தினாள். ஏரி பின்னால் போனது, முதல் வீடுகள் வந்தன.